சிதைவு நடைபெறுகிறது

ஏழாம் வகுப்பு 'இ' பிரிவுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் கடைசி அறை. அதற்கு அப்பால் சரிவு. சரிவுக்குக் கீழே ஓடை. கட்டியவர்கள் இடம் போதாமல் பின்சுவரைச் சரிவின் விளிம்பிலேயே எழுப்பிவிட்டு, திறப்பு விழாவில் கைதட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த வகுப்புக்கு அறிவியல் எடுத்த டீச்சருக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருட சர்வீஸ். முதல் ஆறு வருடம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் கோபப்பட்டாள். அடுத்த ஆறு வருடம் சிரித்தாள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டாள். இப்போதெல்லாம் நல்லதோ கெட்டதோ எதுவும் அவளுக்கு உறைப்பதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

அந்த மாதப் பாடம் 'பாறைச் சிதைவும் மண் அரிப்பும்'. புத்தகத்தில் ஒரு பள்ளத்தாக்கின் படம் இருந்தது. அச்சில் மை கூடிப்போய், "இது என்ன?" என்று கேட்டதற்கு முன்வரிசை "ரொட்டி டீச்சர்" என்றது, பின்வரிசை "தீஞ்ச ரொட்டி" என்று திருத்தியது. பாடக்குறிப்பேட்டில் 'உள்ளூர்க் கற்றல் வளம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் குறிப்பேடு சிவப்பு மையோடு திரும்பி வரும். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகத்தான் டீச்சர் முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் அறைக்குப் பின்புறம் அழைத்துப் போனாள்.

போய்ப் பார்த்தால் பாடம் முழுக்க அங்கேயே இருந்தது. செங்கல் உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. கல் இடுக்கில் ஒரு காட்டுச்செடி வேர்விட்டுக் கல்லை இரண்டாக நெம்பிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பாதியில் முறிந்திருந்ததால், மழைத் தண்ணீர் நேராகச் சுவரின் காலடியில் விழுந்து, அங்கிருந்த மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போயிருந்தது. அஸ்திவாரக் கல்லுக்குக் கீழே கை நுழைந்தது.

"சிதைவுக்கும் அரிப்புக்கும் என்ன வித்தியாசம்?" என்று டீச்சர் கேட்டாள்.

"இருந்த இடத்துலயே உடைஞ்சா சிதைவு டீச்சர். உடைஞ்சது ஊரைவிட்டே போயிட்டா அரிப்பு."

சொன்னது, வகுப்பே 'ஸ்கேல்' என்று கூப்பிடும் பெண். எதைப் பார்த்தாலும் முதலில் அளந்து பார்ப்பாள். அன்றைக்கும் அளந்தாள். அஸ்திவாரக் கல்லின் அகலம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்கு அடியில் அவளுடைய ஸ்கேல் ஒன்பது சென்டிமீட்டர் தடையில்லாமல் உள்ளே போயிற்று. அடுத்த வாரம் பன்னிரண்டு போயிற்று.

டீச்சர் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'ஏழாம் வகுப்பு இ பிரிவின் பின்சுவரில் சிதைவும், அதன் அடியில் மண் அரிப்பும் காணப்படுகின்றன. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.' இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அதுவரைக்கும் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே அவர் பார்த்த வேலை.

"டீச்சர், நீங்க 'விரிசல்'னு எழுதியிருந்தா கட்டடப் பிரிவுக்குப் போயிருக்கும். 'சிதைவு'ன்னு எழுதிட்டீங்க. அது பாடத்திட்டப் பிரிவுக்குப் போயிடுச்சு."

"மாத்தி எழுதித் தரட்டுமா சார்?"

"போன லெட்டரைத் திரும்பக் கேக்கறதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. அது தீந்துபோச்சு."

"அப்ப 'விரிசல்'னு புதுசா ஒண்ணு எழுதறேன்."

"ஒரே சுவருக்கு ரெண்டு பிரிவுல ரெண்டு லெட்டர் போனா, சுவர் ஒண்ணா ரெண்டான்னு கேப்பாங்க. ஒண்ணுன்னு நிரூபிக்கறதுக்கே ஒரு வருஷம் ஆகும். பொறுங்க. பதில் வரட்டும்."

பதில் வரவில்லை. மேற்பார்வையாளரே வந்துவிட்டார்.

மேற்பார்வையாளர் பாடத்திட்டப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டு உதவியாளர்கள், ஒரு புகைப்படக்காரர், சுருட்டிய பேனர் ஆகியவற்றோடு ஜீப்பில் வந்து இறங்கினார். நேராகப் பின்புறம் போய்ச் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"எத்தனை ஸ்கூல் பாத்திருக்கேன்! எங்க போனாலும் சார்ட் பேப்பர், தெர்மக்கோல், பஞ்சு. இங்க பாருங்க, மூணு வகைச் சிதைவும் ஒரே சுவத்துல! கூடவே அரிப்பு! இதை எப்படி இவ்வளவு நாளா மறைச்சு வச்சிருந்தீங்க?"

"மறைக்கலை சார். அது பாட்டுக்கு இருந்துச்சு," என்றார் தலைமை ஆசிரியர்.

டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், சுவத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க உக்காந்திருக்காங்க."

"அவங்கதானேம்மா பயனாளிகள்," என்றார் மேற்பார்வையாளர். "மத்த குழந்தைங்க சிதைவைப் படிக்கறாங்க. உங்க குழந்தைங்க சிதைவுல சாஞ்சு உக்காந்து படிக்கறாங்க. இதுக்கு மேல என்ன அனுபவவழிக் கற்றல் வேணும்?"

அன்று மாலைக்குள் சுவர் 'உயிர்ப்புக் கற்றல் வளம்' என்று அறிவிக்கப்பட்டது. சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒரு பலகை நட்டார்கள்: 'தொடாதீர். சிதைவு நடைபெறுகிறது. வளத்தைச் சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்.' வளத்தின் பொறுப்பாளராக அறிவியல் டீச்சர் நியமிக்கப்பட்டாள். முறிந்த குழாய் வளத்தின் ஆதாரம் என்பதால் அதை ஒட்டவைக்கக் கூடாது. காட்டுச்செடி உயிரியல் சிதைவின் ஒரே பிரதிநிதி என்பதால் வாடவிடக் கூடாது. முறை வைத்துத் தினம் இரண்டு பிள்ளைகள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆணையில் டீச்சர் கையெழுத்துப் போட்டாள். ஸ்கேல் அந்த வாரம் பதினெட்டு சென்டிமீட்டர் அளந்திருந்தாள்.

டீச்சரின் தம்பி கட்டட மேஸ்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அக்கா, இது சுவரா நிக்கலை. பழக்கதோஷத்துல நிக்குது."

"எத்தனை நாள் தாங்கும்?"

"அது அதோட மனசைப் பொறுத்தது. நான் ஒண்ணு செய்யறேன். ரெண்டு நாள் குடு. அடியில கல்லு கட்டி முட்டுக் குடுத்துர்றேன். கல்லு என்கிட்ட மிச்சம் கெடக்கு, கூலியும் வேணாம். அந்தக் குழாயை ஒட்டறதுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது."

திங்கட்கிழமை அதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னாள். அவர் ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தார்.

"உங்க தம்பிக்கு நல்ல மனசு. ஆனா வளத்தைச் சேதப்படுத்தினா தண்டனைன்னு போட்டிருக்கே டீச்சர்."

"சரிபண்றது எப்படி சார் சேதம் ஆகும்?"

"சுவத்துக்குச் சேதம் இல்லை. சிதைவுக்குச் சேதம்தானே?"

"அப்ப பிள்ளைங்களையாவது வேற ரூமுக்கு மாத்துங்க. மாடியில ஒரு ரூம் சும்மாதானே இருக்கு?"

"போன வாரம் வரைக்கும் சும்மா இருந்துச்சு." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இப்ப அதுல சுவரோட ஃபோட்டோவெல்லாம் மாட்டி வச்சிருக்காங்க. கண்காட்சி அறை."

டீச்சர் மாடிக்குப் போய்ப் பார்த்தாள். நல்ல அறை. காற்றோட்டம், மின்விசிறி, ஒரு பொட்டு விரிசல் இல்லாத நான்கு சுவர்கள். அவற்றில் விரிசல் விட்ட சுவரின் இருபத்தாறு வண்ணப் படங்கள். வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்து அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு கீழே வந்து ஏழாம் வகுப்பு 'இ' பிரிவுக்குள் நின்று, உட்கார்ந்திருக்கும் முப்பத்தெட்டுப் பேரையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரம் மழை இல்லை. ஸ்கேல் அளந்ததில் பதினெட்டு, மறுபடியும் பதினெட்டு. வளத்தின் வாராந்தர அறிக்கையில் டீச்சர் அதையே எழுதி அனுப்பினாள். உடனே ஒரு குறிப்பாணை வந்தது. 'முதல் நான்கு வாரங்களில் காணப்பட்ட சிறப்பான முன்னேற்றம் ஐந்தாம், ஆறாம் வாரங்களில் தேக்கமடைந்துள்ளது. தொய்வுக்கான காரணத்தை விளக்கவும்.' அவள் 'மழை பெய்யவில்லை' என்று எழுதினாள். 'ஏற்கத்தக்க விளக்கமல்ல. மாற்று ஏற்பாடு செய்து இலக்கை எட்டவும்' என்று பதில் வந்தது.

மாற்று ஏற்பாட்டைத் தலைமை ஆசிரியர் செய்தார். தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, காலையில் ஒரு மணி நேரம் வாட்ச்மேன் சுவரின் அடியில் தண்ணீர் பாய்ச்சினார். வாட்ச்மேனுக்கு அது தோட்ட வேலை மாதிரி பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரம் இருபத்தொன்று. அதற்கடுத்த வாரம் இருபத்து நான்கு. 'இலக்கு எட்டப்பட்டது' என்று அச்சடித்த அறிக்கை வந்தபோது டீச்சர் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் எதற்குப் போட்டோம் என்று படித்தாள். படித்தும் ஒன்றும் ஆகவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

பாடம் முடிந்ததும் ஸ்கேல் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். கல்லோட அகலம் நாப்பத்தஞ்சு. இருபத்து நாலு போயாச்சு. மிச்சம் இருபத்தொண்ணு. வாரத்துக்கு மூணுன்னா ஏழு வாரம். ஏழு வாரம் கழிச்சுக் கல்லுக்கு அடியில ஒண்ணுமே இருக்காது. அப்ப நாங்க எங்க டீச்சர் உக்காருவோம்?"

கேட்டதில் பயமோ குறும்போ இல்லை. கணக்கு வந்த இடத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான்.

"அது அடுத்த பருவத்துல வரும்," என்றாள் டீச்சர்.

பதினெட்டு வருடமாக, தெரியாத கேள்விக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்கேல் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அவள் இடம் கடைசி பெஞ்ச், சுவரோரம். அங்கே உட்கார்ந்து, 'அடுத்த பருவத்தில் வரும்' என்று நோட்டில் எழுதி, ஸ்கேலை வைத்து நேராக ஒரு அடிக்கோடு போட்டாள்.

டீச்சர் அந்த அடிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மணி அடித்தது. ஆசிரியர் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் இருந்த படிவங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து முதன்முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

பதினாறாவது படிவம் களப்பயணத்துக்கு உரியது. வகுப்பை வெளியே அழைத்துப் போக அதை நிரப்பினால் போதும். மாதத்துக்கு எத்தனை முறை என்ற வரம்பு இல்லை. களப்பயணம் அதிகம் போகும் பள்ளிக்குச் சான்றிதழ் உண்டு. 'தூரம் (கிலோமீட்டரில்)' என்று ஒரு கட்டம் இருந்தது. குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழாம் வகுப்பு 'இ' பிரிவு களப்பயணம் கிளம்பியது. சேரும் இடம்: சைக்கிள் ஷெட். தூரம்: 0.07. நோக்கம்: தகரக் கூரையின் வெப்பத்தை அறிதல். அடுத்த நாளும் அதே இடம்; நோக்கம், நிழலின் நீளம். அதற்கடுத்த நாள் துருப்பிடித்தல். டீச்சர் மற்ற ஆசிரியர்களிடமும் போய்ப் பேசினாள்.

கணக்கு வாத்தியார் சந்தேகமாகப் பார்த்தார். "கணக்குக்கு எதுக்கு டீச்சர் களப்பயணம்?"

"சைக்கிள் சக்கரம் வட்டம்தானே சார்?"

"அது வட்டம்தான். எத்தனை நாளைக்குச் சக்கரத்தையே பாக்கறது?"

"சார், போன வாரம் நீங்க பாடம் எடுக்கறப்ப எந்தச் சுவத்தை விட்டுத் தள்ளி நின்னீங்க?"

அவர் படிவத்தை வாங்கி நிரப்பினார். மற்றவர்களும் நிரப்பினார்கள். தினமும் ஐந்து படிவம், ஐந்து நோக்கம். கரும்பலகையைக் கொண்டுபோய் ஷெட்டில் சாய்த்துவைத்தார்கள். சைக்கிள்கள் வெயிலில் நின்றன, பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒரு ஆட்சேபணை வந்தது. 'எவ்வாறு பயணம்' என்ற கட்டத்தில் டீச்சர் 'கால்நடையாக' என்று எழுதியிருந்தாள். 'களப்பயணத்தில் கால்நடைகள் பயன்படுத்தப்பட்டுள்ளதால், அவற்றின் எண்ணிக்கையுடன் கால்நடை மருத்துவரின் சான்றிதழை இணைக்கவும்' என்று மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவள் 'நடந்து' என்று எழுதினாள். முந்தைய நாள்களுக்கான சான்றிதழ் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

மற்றபடி எல்லோருக்கும் திருப்தி. மாதக் கடைசியில் களப்பயணத்தில் பள்ளிக்கூடம் முதலிடம் வந்தது. தலைமை ஆசிரியர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். ஆளில்லாத வகுப்பறைக்குப் பின்னால் வாட்ச்மேன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. தகரத்தின் சத்தத்தில் பாடம் காதில் விழவில்லை. கணக்கு வாத்தியார் தொண்டை கட்டிப்போய், எல்லாவற்றையும் பலகையில் எழுதியே நடத்தினார். புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, அறிவியல் பாடவேளையில், சுவர் விழுந்தது.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. மூட்டைகளை இறக்குவது போல நான்கைந்து தரம் கேட்டது. பிறகு கூரையின் பின்பாதி மெதுவாகக் குனிந்து, கடைசி மூன்று வரிசை பெஞ்சுகளின்மேல் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் ஷெட்டிலிருந்தே பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. டீச்சரின் கையில் சாக்பீஸ் இருந்தது. அவள் பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்து, முற்றுப்புள்ளி வைத்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் விசாரணைக்கு மேற்பார்வையாளர் வந்தார். தலைமை ஆசிரியர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு முன்னால் முப்பத்தோரு நாள் களப்பயணப் படிவங்கள் அடுக்கியிருந்தன.

"வளத்துக்குப் பொறுப்பாளர் யாரு?"

"நான்தான் சார்."

"வளம் முழுமையா வெளிப்பட்ட நேரத்துல பார்வையிட்ட மாணவர்கள் எத்தனை பேர்?"

"யாரும் இல்லை சார்."

"யாரும் இல்லை." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, மனசாட்சியோட சொல்லுங்க. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை கிடைக்கற வாய்ப்பு. எவ்வளவு பாடுபட்டு அந்த நிலைக்குக் கொண்டுவந்தோம்! ஒரு குழந்தைமேல ஒரு துரும்புகூடப் படலைன்னு பெருமையா ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க. நான் கேக்கறதும் அதைத்தான். ஒருத்தர்மேலயும் ஒண்ணும் படலைன்னா கற்றல் யாருக்குத்தான் நடந்துச்சு?"

தலைமை ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனதுக்குள் கேட்டுப் பார்த்தது போலிருந்தது. தவறு எதுவும் தென்படாததால் மேலே போனார்.

"இன்னொண்ணு. உங்க வாராந்தர அறிக்கைப்படி சுவர் விழ வேண்டியது அடுத்த வாரம். ஏன் முன்கூட்டியே விழுந்துச்சு?"

"ஏழு வாரக் கணக்கு ஒரு மாணவி போட்டது சார். அவ மூணு நாள் மழையைச் சேத்துக்கலை."

"சரி. அடுத்த பாடம் என்ன?"

"படிதல் சார். அரிச்சுக்கிட்டுப் போனது வேற இடத்துல போய்ப் படியறது."

மேற்பார்வையாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனார். சரிவு நெடுக ஓடைவரைக்கும் செங்கல்லும் சேறும் உடைந்த பெஞ்ச் கால்களும் பரவிக் கிடந்தன.

"யாரும் அதைத் தொடக்கூடாது," என்றார்.

கயிறு அவிழ்க்கப்பட்டு, கீழே கொண்டுபோய்க் கட்டப்பட்டது. டீச்சருக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பாணை கொடுத்தார்கள். பழுதுபார்க்கச் சொல்லிக் கட்டடப் பிரிவுக்கு ஒருவழியாகக் கடிதம் போயிற்று. 'தாங்கள் குறிப்பிடும் அறை தற்போது இல்லாததால், இல்லாத அறையைப் பழுதுபார்க்க வழியில்லை' என்று முதன்முறையாக ஒரே நாளில் பதில் வந்தது. ஏழாம் வகுப்பு 'இ' பிரிவு நிரந்தரக் களப்பயணத்தில் வைக்கப்பட்டது.

குறிப்பாணையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீச்சர் ஷெட்டுக்கு வந்தபோது மதியப் பாடவேளை தொடங்கியிருந்தது. மழை விட்டிருந்தது. தகரத்தின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

"உள்ளேன் டீச்சர்."

இரண்டாவது பெயர். மூன்றாவது. எப்போதும் தலைநிமிராமல் கூப்பிட்டுக்கொண்டே போகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு குரலுக்கும் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கடைசியாக முப்பத்தெட்டாவது குரலும் "உள்ளேன்" என்றது. பதிவேட்டில் ஒரு கட்டமும் காலியில்லை.

மூடி வைக்கப் போனவள் மூடவில்லை. பக்கத்தின் மேலே விரலை வைத்து, மறுபடியும் முதல் பெயரைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக, முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக, பதில் சொல்லத் தொடங்கினார்கள்.